முழங்கால் உரசும் படமும் வளைவைக் கற்பதும்

பல்கலைக்கழக விடுதிகளிலும் ஆய்வு நிறுவன வளாகங்களிலும் 300, 400 சிசி மோட்டார் சைக்கிள்கள் நிற்பது இன்று புதுமையன்று. உதவித்தொகை நிலுவை மொத்தமாக வந்து சேர்ந்த மாதத்திலோ, முதல் வேலை கிடைத்த ஆண்டிலோ வாங்கப்பட்டவை அவை. ஞாயிறு விடியலில் நந்தி மலைக்கோ லவாசா சாலைக்கோ சிலமுறை சென்று திரும்பிய பிறகு அவற்றின் உரிமையாளர்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது: வளைவுகளில் சரியாக ஓட்டக் கற்க எந்தப் பயிற்சிப் பள்ளியில் சேரலாம்? நண்பர் வட்டத்தில் இதற்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சுற்றியே அமைகின்றன. பயிற்சி எந்தப் பந்தயத்தளத்தில் நடக்கிறது; எந்தச் சாம்பியன் கற்பிக்கிறார்; முழங்கால் தரையை உரசும் புகைப்படம் கிடைக்குமா.

இம்மூன்றும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்குரிய அளவுகோல்கள் அல்ல என்பதே இப்பதிவின் வாதம். மாணவர் செய்யும் பிழையை யார் பார்க்கிறார், எப்போது பார்க்கிறார், அதை அவருக்கு எப்படி உணர்த்துகிறார் என்ற ஒன்றை மட்டும் விசாரித்தாலே பெரும்பாலான பள்ளிகளின் தரம் விளங்கிவிடும்.

பயிற்சி ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் பல மாநிலங்களில் இரு சக்கர வாகன உரிமத்துக்கு எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கால் ஊன்றாமல், நடைவேகத்துக்குச் சற்று மேலாக, வரையப்பட்ட எட்டின் மீது வண்டியைச் செலுத்தினால் உரிமம் கைக்கு வரும். அந்த வேகத்தில் கைப்பிடியை எப்பக்கம் திருப்புகிறோமோ அப்பக்கமே வண்டியும் செல்லும். மணிக்கு 25, 30 கிலோமீட்டரைக் கடந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. இடப்புறம் சாய வேண்டுமானால் இடக் கைப்பிடியை முன்னோக்கி அழுத்த வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்புறம் திரும்ப, அதன் விளைவாக வண்டி இடப்புறம் சாய்ந்து, சாய்ந்த பக்கமே வளைகிறது. கவுண்டர் ஸ்டியரிங் எனப்படும் இந்த எதிர்த்திருப்பலை இருசக்கர வாகனம் ஓட்டும் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் செய்கிறார்கள். செய்வதை அறிந்தவர் மிகச் சிலர். விமானத்துக்கு முன் சைக்கிள் தொழில் நடத்திய வில்பர் ரைட், இடப்புறம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிளோட்டிகள் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் கைப்பிடியை வலப்புறம் திருப்புகிறோம் என்பதை அவர்கள் எவரும் உணர்ந்திருக்கவில்லை.

அறியாமல் செய்யும் செயலை அமைதியான நேரத்தில் எவரும் செய்துவிடலாம். அச்சம் பிடித்த கணத்தில் அது கைவிட்டுப் போகும். வளைவு எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக இருந்தால் ஓட்டுநரின் கை இறுகுகிறது. ஆக்சிலரேட்டர் சட்டென மூடப்படுகிறது. கண்கள் சாலையோரத் தடுப்பில் நிலைகுத்துகின்றன. வண்டியும் கண் சென்ற இடத்துக்கே செல்கிறது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிலேயே ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை, வேறு வாகனம் மோதாத விபத்துகளில் இதைத்தான் கண்டது: மிகையாக பிரேக் பிடித்துச் சறுக்கி விழுதல், அல்லது போதிய அளவு சாய்க்காமல் வளைவின் வெளிப்புறத்தை நோக்கி ஓடிவிடுதல். அவ்விபத்துகளில் சிக்கியவர்களுள் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். இந்தியாவில் நிலைமை இதைவிட மேலானதாக இருக்குமென நம்புவதற்கு இடமில்லை. 2022இல் நாட்டின் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. அவர்கள் அனைவரும் வளைவில் வீழ்ந்தவர்கள் அல்லர். ஆயினும் இந்த எண்ணுக்குப் பின்னால் எட்டு போட்டு உரிமம் பெற்ற ஒரு தேசம் நிற்கிறது.

வளைவின் இயற்பியல் எளியது. சாய்கோணத்தின் டேன்ஜென்ட், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்வு வேண்டும். அதே வளைவில் 70 கிலோமீட்டரில் 38 பாகை. 80 கிலோமீட்டரில் 45 பாகை. டயரின் அகலத்தால் நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும். சாதாரண ஓட்டுநர் மனம் ஒப்பிச் சாய்க்கும் எல்லை 25, 30 பாகைதான். வண்டியும் டயரும் அதைவிட அதிகம் தாங்கும். ஆக, பல வளைவு விபத்துகளில் வண்டியின் எல்லை வருமுன்னரே மனிதரின் எல்லை வந்துவிடுகிறது. பள்ளியின் வேலை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதைச் சாலையில் வைத்துக் கற்பிக்க முடியாது என்பதும் இங்கேதான் விளங்கும்.

பந்தயத்தளத்தின் பயன் வேகம் என்று கருதுவது பரவலான பிழை. அதன் பயன் திரும்பச் செய்யும் வாய்ப்பு. இருங்காட்டுக்கோட்டையிலுள்ள சென்னைப் பந்தயத்தளம் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. சராசரி 90 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுபவர் எட்டுச் சுற்று முடிப்பார். ஒரே வளைவை எட்டு முறை, எதிரே லாரியோ மணலோ மாடோ இல்லாமல், சந்திப்பார். மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்திருக்கும் வாய்ப்பு ஆய்வகத்துக்கு வெளியே அரிது. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவும் ஒரே ஒரு முறைதான் முன்னே வருகிறது. பிழை நேர்ந்தால் அது திருப்பும் புள்ளியின் பிழையா, பார்வையின் பிழையா, ஆக்சிலரேட்டரின் பிழையா என்று பிரித்தறிய முடியாது. பிழைக்காமல் போனால் அறியத் தேவையும் இராது.

அப்படியானால், எட்டுச் சுற்றும் வெறுமனே ஓட்ட விடுகிற பள்ளி அந்த வாய்ப்பை வீணடிக்கிறது. நாடெங்கும் டிராக் நாள் என்ற பெயரில் நடப்பவற்றுள் பல இவ்வகையே. காலையில் அரை மணி நேர விளக்கவுரை, பிறகு நாள் முழுதும் சுற்றோட்டம், மாலையில் சான்றிதழும் படங்களும். தயாரிப்பு நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்காக நடத்தும் நாள்களும் பெரும்பாலும் இதில் அடங்கும். மகிழ்ச்சிக்காகச் செல்பவர் தாராளமாகச் செல்லலாம். கற்கச் செல்பவர் அங்கே தம் பழைய பிழையை நூறு முறை பயிற்சி செய்து இன்னும் உறுதியாக்கிக்கொண்டு திரும்புவார்.

முறையான பாடத்திட்டம் எப்படியிருக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் நல்ல எடுத்துக்காட்டு. கீத் கோட் 1980இல் தொடங்கிய இப்பள்ளி பல நாடுகளில் இயங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் பல முறை நடந்திருக்கிறது. அதன் முதல் நிலையில் ஐந்து பயிற்சிகள்: வளைவினுள் ஆக்சிலரேட்டரைச் சீராகத் திறத்தல், திருப்பத் தொடங்கும் புள்ளியைத் தேர்ந்தெடுத்தல், விரைந்து சாய்த்தல், கைப்பிடியை இறுக்காதிருத்தல், திருப்பும் புள்ளியிலிருந்து வளைவின் உட்புள்ளிக்குக் கண்ணை நகர்த்துதல். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரே ஒரு பயிற்சி. வகுப்பறையில் கேட்டதை உடனே தளத்தில் செய்ய வேண்டும்; பயிற்சியாளர் பின்தொடர்ந்தும் முன்சென்றும் பார்ப்பார்; ஓட்டம் முடிந்ததும் மாணவரோடு பேசுவார். இரண்டாம் நிலை முழுவதும் பார்வையைப் பற்றியது. உடலை எப்படி வைத்துக்கொள்வது, இருக்கையிலிருந்து எப்படி உள்ளே சரிவது ஆகியவை மூன்றாம் நிலையில்தான் வருகின்றன. முழங்கால் உரசுவதற்கான அடவுகள் பாடவரிசையின் கடைசியை ஒட்டி வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. சமூக ஊடகங்களில் அவை முதலிடத்தில் நிற்பதும் தற்செயலன்றுதான்.

கோட் வடிவமைத்த கருவி ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு கைப்பிடிகள். ஒன்று வழக்கம்போல் முன்சக்கரத்தைத் திருப்பும். மற்றொன்று சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டது. அசையாக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடலை எப்படிச் சாய்த்தாலும் வண்டி உருப்படியாகத் திரும்ப மறுக்கும். உடலெடையால்தான் திருப்புகிறேன் என்று இருபது ஆண்டுகள் நம்பியவர் அதில் ஒரு நிமிடம் ஓட்டினால் போதும். நல்ல கற்பித்தல் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கல்விப்புலத்திலும் எளிதில் கிடைக்காது.

இனி, இதே துறையில் நிலவும் ஒரு கருத்து வேறுபாட்டுக்கு வரலாம். பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் அது நேரடியாகப் பங்கு வகிக்கிறது. கோட்டின் அணுகுமுறையில் மையம் ஆக்சிலரேட்டர். வளைவுக்கு முன்பே வேகத்தைச் சரிசெய்து, சாய்த்த பின் ஆக்சிலரேட்டரை மெல்லச் சீராகத் திறந்துகொண்டே போனால் எடை இரு சக்கரங்களிலும் ஏற்ற விகிதத்தில் அமைந்து வண்டி நிலைபெறும் என்பது அவர் வாதம். யமஹா சாம்பியன்ஸ் ரைடிங் ஸ்கூலோடு அறியப்படும் நிக் இயனாட்ஷ் முதலியோர் பிரேக்கை மையமாக்குகிறார்கள். சாய்க்கத் தொடங்கிய பின்னும் முன் பிரேக்கை முற்றிலும் விடாமல், சாய்வு கூடக் கூட அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே உட்புள்ளிவரை செல்வது அவர்கள் முறை. டிரெயில் பிரேக்கிங் என்பது இதன் பெயர்.

தெரிந்த வளைவில் இரண்டும் பலன் தரும். தெரியாத வளைவில்? சாய்கோணம் மாறாதிருந்தால் வளைவின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறும். 60இலிருந்து 54 கிலோமீட்டருக்கு வேகம் குறைந்தால், அதாவது பத்து விழுக்காடு குறைந்தால், 50 மீட்டர் ஆரம் 40 மீட்டராகச் சுருங்கும். உள்ளே செல்லச் செல்லக் கூர்மையாகும் மலைவளைவில் ஓட்டுநருக்கு வேண்டியது இதுவே. இந்திய மலைப்பாதைகளில் பல வளைவுகளின் முடிவு நுழையும்போது தெரிவதில்லை. சாய்வும் பிரேக்கும் ஒன்றையொன்று எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை மென்மையாகக் கற்றவருக்கே அங்கே மாற்றுவழி இருக்கும். ஆகவே, சாலையை நோக்கமாகக் கொண்டு பந்தயத்தளத்துக்குச் செல்பவர் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, சாய்வின்போது பிரேக்கைப் பயன்படுத்தக் கற்பிப்பீர்களா என்பது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாகியிருப்பது இக்கல்வியைத் தேவையற்றதாக்காது. சாய்வை அறியும் உணரியோடு கூடிய ஏபிஎஸ் விலையுயர்ந்த வண்டிகளில் மட்டுமே வருகிறது. எளிய ஏபிஎஸ் நேர்க்கோட்டில் பிடிக்கும் பிரேக்குக்கு ஏற்றது.

சாலைக்கும் தளத்துக்கும் உள்ள வேற்றுமையைப் பள்ளி வெளிப்படையாகப் பேசுகிறதா என்பதும் கவனிக்கத் தக்கது. தளத்தில் முழு அகலமும் ஓட்டுநருடையது. வெளிப்புறத்தில் தொடங்கி, உட்புறத்தைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறத்தில் முடிக்கலாம். சாலையில் பாதி அகலம்தான் உண்டு. அதிலும் இடப்புறம் செல்லும் நம் சாலைகளில் வலப்புற வளைவு தனிக் கவனம் கோருவது. சக்கரங்கள் நடுக்கோட்டுக்கு இப்பால் இருந்தாலும், சாய்ந்த ஓட்டுநரின் தலையும் தோளும் கோட்டுக்கு அப்பால், எதிர்வரும் பேருந்தின் பாதையில் இருக்கும். தளத்தில் பாராட்டுப் பெற்ற அதே கோடு மலைப்பாதையில் உயிருக்கு உலை. இதைச் சொல்லித் தராத பள்ளி பந்தயப் பள்ளியாகச் சிறந்ததாக இருக்கலாம். சாலையோட்டுநருக்கு அரைப்பாடமே தருகிறது.

பந்தய வீரரை உருவாக்கும் பயிற்சியும் ஓட்டுநரைத் திருத்தும் பயிற்சியும் வேறு வேறு என்பதைப் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. பல முறை தேசியச் சாம்பியனான ரஜினி கிருஷ்ணன் நிறுவிய ஆர்.ஏ.சி.ஆர். போன்ற பயிற்சியகங்கள் போட்டியை நோக்கியும் மாணவரைத் தயார்ப்படுத்துகின்றன; போட்டி உரிமம் பெற விரும்புபவருக்கு அவ்வழி உரியது. அங்கே நேரமானி முக்கியம். சாலைக்காகக் கற்பவருக்கு நேரமானி இடையூறு. சுற்று நேரத்தை அறிவிக்கும் பயிற்சியில் முதல் நாளே மாணவர்கள் ஒருவரையொருவர் முந்தத் தொடங்குகிறார்கள். கவனம் பயிற்சியிலிருந்து பலகைக்குப் போய்விடுகிறது. போட்டி விளையாட்டன்று என்பதை இருங்காட்டுக்கோட்டையே நினைவூட்டும். 2023 ஆகஸ்டில் அங்கு நடந்த தேசியப் போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான்.

தளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிரேட்டர் நொய்டாவின் புத் தளம் 2011இல் ஃபார்முலா ஒன்னுக்காகத் திறக்கப்பட்டது. 2023இல் மோட்டோஜிபியும் அங்கு நடந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுற்றில் ஒரு கிலோமீட்டர் நீள நேர்ப்பாதை இருக்கிறது. 200 சிசி வண்டியில் அந்த நேர்ப்பாதை கற்பதற்கு எதுவும் தராமல் நேரத்தைத் தின்னும். கோவை செட்டிபாளையத்தின் கரி தளம் 2.1 கிலோமீட்டர் மட்டுமே. புகைப்படத்தில் அவ்வளவு எடுப்பாகத் தோன்றாது. சிறிய வண்டியோடு செல்லும் புதியவருக்கு அடுத்தடுத்து வளைவுகள் வருவதால் அதுவே கூடுதலாகக் கற்பிக்கும். தில்லியிலிருந்து கோவைக்கு வண்டியை அனுப்பும் செலவு வேறு கணக்கு. பள்ளியின் வண்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிப்பது நல்லது.

விசாரிக்க வேண்டியவை வேறு சிலவும் உள்ளன. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்? மூன்று, நான்கு என்றால் நன்று. பத்துக்கு மேல் என்றால் அவர் பார்ப்பது மாணவர்களின் முதுகைத்தான். அவர் தளத்தில் உடன் ஓட்டுகிறாரா, சுவரருகே நின்று கைகாட்டுகிறாரா? ஒரே நாளில் எத்தனை ஓட்டம், அவற்றுக்கிடையே பேச எவ்வளவு நேரம்? வேகத்துக்கேற்பக் குழுக்கள் பிரிக்கப்படுகின்றனவா, 1000 சிசியும் 150 சிசியும் ஒன்றாக விடப்படுகின்றனவா? வளைவுகளில் மார்ஷல்கள் நிற்பார்களா, ஆம்புலன்ஸ் தளத்திலேயே இருக்குமா, மிக அருகிலுள்ள மருத்துவமனை எது? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் அமைப்பாளரிடம் பணம் கட்டத் தேவையில்லை.

காப்பீடு பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. இந்தியாவின் வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் காப்பு இல்லை என்ற வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். பயிற்சி பந்தயமாகாது என்று மாணவர் வாதிடலாம். நிறுவனம் ஏற்குமா என்பது வண்டி உடைந்த பிறகு தெரியும். அதை முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை. சேரும்போது கையெழுத்திடும் பொறுப்புத் துறப்புப் படிவத்தையும் முழுமையாகப் படிக்க வேண்டும். ஆய்வேட்டின் அடிக்குறிப்புவரை படிப்பவர்கள்கூட இதைப் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, இப்பயிற்சிகள் விபத்தைக் குறைக்கின்றனவா என்று ஓர் ஆய்வாளர் கேட்பது நியாயம். மோட்டார் சைக்கிள் பயிற்சிகள் குறித்த 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தெளிவான முடிவுக்கு வரப் போதிய சான்று இல்லை என்றது. நார்வேயில் வழுக்கும் பாதையில் கார் ஓட்டக் கற்பித்த திட்டத்தை ஆராய்ந்தவர்கள், பயிற்சி பெற்ற இளம் ஆண்களிடையே விபத்து அபாயம் கூடியிருந்ததைக் கண்டனர். திறன் கூடியதைவிடத் தன்னம்பிக்கை வேகமாகக் கூடினால் இப்படித்தான் முடியும். முழங்கால் படத்தை விற்கும் பள்ளிகளின் மீதான முதன்மையான குற்றச்சாட்டு இங்கிருந்துதான் எழுகிறது. அவை விற்பது தன்னம்பிக்கை. பிழையைக் காட்டித் தரும் பள்ளியிலிருந்து மாணவர் சற்று அடக்கத்தோடு வெளியே வருகிறார். தம் கை எந்தக் கணத்தில் இறுகுகிறது என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்சிக் கட்டணம், லெதர் உடை, பூட்ஸ், கையுறை, முழுமுக ஹெல்மெட், பயணம் எல்லாம் சேர்ந்தால் இளநிலை ஆய்வு உதவித்தொகையின் மாதத் தொகையான 37,000 ரூபாயை எளிதில் தாண்டும். 100 சிசி வண்டியில் மனைவி குழந்தைகளோடு மலையேறும் எளிய மனிதரை, விபத்துக் கணக்கில் உண்மையில் பெரும்பங்கு வகிப்பவரை, இப்பள்ளிகள் ஒருபோதும் காணப்போவதில்லை. எதிர்த்திருப்பலையும் அவசர பிரேக்கையும் உரிமத் தேர்விலேயே சோதிக்கலாம்; காலியான மைதானமும் சில கூம்புகளும் பயிற்சி பெற்ற ஒரு தேர்வாளரும் போதும். அந்த மாற்றம் வராதவரை, பள்ளிகள் வசதியுள்ள சிலரின் பாதுகாப்பாகவே இருக்கும்.

அந்தச் சிலருள் ஒருவராக இருப்பவர் தொடர்ச்சியாக மூன்று நிலைகளுக்கும் ஒரே மூச்சில் பணம் கட்ட வேண்டாம். தம் சொந்த வண்டியில், குறைந்த வேகத்தில், முதல் நிலையை மட்டும் முடித்துவிட்டுச் சாலைக்குத் திரும்பலாம். நான்கைந்து மாதம் அன்றாடப் பயணத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரே பயிற்சியை, வேகத்தைக் கூட்டாமல், எடுத்துக்கொள்ளலாம்: இந்த வாரம் கண், அடுத்த வாரம் தளர்ந்த கை. இரண்டாம் நிலைக்குச் செல்லும்போது பயிற்சியாளரிடம் கேட்பதற்கு அவரிடமே ஒரு கேள்வி இருக்கும்.